போரைப் பார்க்கும் முயல்கள்: 'பாப்பிகள்' அசைவூட்டக் குறும்படம் – ஒரு மதிப்பீடு

அறிமுகம்

'பாப்பிகள்' என்பது பிரிட்டனின் பிபிசி நிறுவனம் தன்னுடைய மழலையர் அலைவரிசையான சிபீபீஸுக்காக உருவாக்கி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட அசைவூட்டக் குறும்படம். முதல் உலகப் போர் தொடங்கி நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. சிபீபீஸ் 2002-இல் தொடங்கப்பட்டது. ஆறு வயது வரையிலான குழந்தைகளே அதன் பார்வையாளர்கள். அந்த வயதில் 'நேற்று' என்பதற்கும் 'நூறு ஆண்டுகளுக்கு முன்பு' என்பதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அப்படிப்பட்ட பார்வையாளருக்கு ஒரு பெரும் போரையும், அதில் இறந்தவர்களை நினைவுகூர்வதையும் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்குப் படைப்பாளிகள் தந்த விடைதான் இப்படம்.

படம் சில நிமிடங்களே ஓடுகிறது. இருந்தாலும் குழந்தைகளுக்கான கலையில் போரை எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்ற பழைய விவாதத்தை மீண்டும் எழுப்பக்கூடியது. அதன் சிறப்பையும் குறையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். போர்க்களத்தின் அச்சத்தைப் படம் பொய் கலக்காமல் குழந்தையிடம் கொண்டு சேர்க்கிறது. ஆனால் போரை யாரும் செய்யாத ஒன்றாக, வானிலிருந்து இறங்கிய புயலைப் போலக் காட்டிவிடுகிறது. முதலாவது அதன் வெற்றி. இரண்டாவது, படம் முடிந்தபின் பெரியவர்கள் நிரப்ப வேண்டிய இடம்.

படம் காட்டுவது

மேற்குப் போர்முனையின் வயல்வெளி. அங்கே வாழும் முயல்கள். அவற்றின் இடத்துக்குள் போர் வந்து சேர்கிறது. முட்கம்பி, சேறு, வெடிக்கும் குண்டுகள், மனிதர்கள். எல்லாவற்றையும் முயலின் உயரத்திலிருந்து நாம் பார்க்கிறோம். இறுதியில் மண்ணில் சிவந்த பாப்பிப் பூக்கள்.

வசனம் இல்லை. 'இது 1914, இது பிரான்ஸ்' என்று விளக்கும் குரலும் இல்லை. இசையும் ஒலியும் காட்சியுமே கதையை நகர்த்துகின்றன. மழலையர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பேச்சாலும் பாட்டாலும் நிறைந்திருப்பவை. தொகுப்பாளர் குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பதில் சொல்லித் தருவார். அந்த வழக்கத்தை இப்படம் கைவிட்டிருக்கிறது. இது தற்செயலான தேர்வாகத் தெரியவில்லை. பிரிட்டனில் நவம்பர் 11 காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் 1919-இல் தொடங்கியது. நினைவேந்தலின் மையச் சடங்கே பேசாதிருப்பதுதான். பள்ளியில் முதல் முறையாக அந்த மௌனத்தில் நிற்கப்போகும் குழந்தைக்கு, பேச்சில்லாத ஒரு படம் பொருத்தமான முன்பயிற்சி.

முயலின் உயரம் என்பதும் கவனிக்கத்தக்கது. நான்கு வயதுக் குழந்தையும் உலகைக் கீழிருந்துதான் பார்க்கிறது. கூட்டத்தில் அதற்குத் தெரிவது முகங்களைவிடக் கால்களே. பெரியவர்களின் சண்டை அதற்குச் சத்தமாகவும் அசைவாகவும் மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. குழந்தை போரில் சிக்கினால் அதன் அனுபவம் எப்படி இருக்குமோ, அதையே முயலின் வழியாகப் படம் தருகிறது.

பாப்பி நினைவுப் பூவான கதை

படத்தின் பெயரும் அதன் கடைசிக் காட்சியும் ஒரு நீண்ட வரலாற்றைச் சார்ந்தவை. பிரிட்டனுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

வயல் பாப்பி ஐரோப்பிய வயல்களில் களையாக வளரும் செடி. நம் சமையலறையில் இருக்கும் கசகசா இதற்கு உறவான வேறொரு செடியின் விதை. வயல் பாப்பியின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் முளைத்துவிடும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் வடக்கு பிரான்சிலும் பீரங்கிக் குண்டுகள் நிலத்தைப் புரட்டிப்போட்டன. கல்லறைகளுக்காகவும் பதுங்கு குழிகளுக்காகவும் மண் தோண்டப்பட்டது. வேறு செடிகள் அழிந்த இடங்களில் பாப்பி மட்டும் செழித்தது.

1915 மே மாதம் ஈப்ர நகரருகே பணியாற்றிய கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, நண்பர் ஒருவரின் மரணத்தை அடுத்து, இந்தப் பூக்களை வைத்து ஒரு கவிதை எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் அது வெளியானது. அதைப் படித்த அமெரிக்கரான மொய்னா மைக்கேல் 1918-இல் பாப்பியை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். பிரெஞ்சுக்காரரான அன்னா கெரான் அந்த எண்ணத்தைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். 1921-இல் பிரிட்டிஷ் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பு முதல் முறையாகப் பாப்பி விற்று நிதி திரட்டியது. இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் அந்நாட்டு மக்கள் சட்டையில் சிவப்புப் பாப்பி அணிகிறார்கள்.

எல்லோரும் ஒரே பொருளில் அணிந்ததில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. 1933-இல் கூட்டுறவு மகளிர் கில்டு அமைப்பினர் வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தினர். அவர்களில் பலர் போரில் மகனையோ கணவனையோ சகோதரனையோ இழந்தவர்கள். இறந்தவர்களை நினைத்தால் மட்டும் போதாது, இனிப் போர் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆக, பாப்பி எந்தக் காலத்திலும் வெறும் பூவாக இருந்ததில்லை. எதை நினைவுகூர்கிறோம், எதற்காக நினைவுகூர்கிறோம் என்ற வாதம் அதற்குள்ளேயே இருக்கிறது. மழலையருக்கான படத்தில் அந்த வாதத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

ஏன் முயல்?

குழந்தைகளுக்கு விலங்குகள் வழியே கதை சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பஞ்சதந்திரக் கதையில் ஒரு சிறு முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று அதன் நிழலைக் காட்டி வீழ்த்துகிறது. வலிமை இல்லாதவர் அறிவால் வெல்லலாம் என்பது அக்கதையின் பாடம். இங்கிலாந்தில் 1902-இல் வெளியான பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதையில் வரும் பீட்டர் முயல் சட்டை அணிந்திருக்கிறது, தாய் சொல்லைக் கேட்காமல் தோட்டத்துக்குள் புகுகிறது, தப்பி வீடு சேர்கிறது. இரண்டுமே முயல் உருவில் உள்ள மனிதர்கள்.

'பாப்பிகள்' படத்து முயல்கள் அப்படியல்ல. பேசுவதில்லை, தந்திரம் செய்வதில்லை. பஞ்சதந்திரத்து முயலுக்கு ஏமாற்ற ஒரு சிங்கம் இருந்தது. பீரங்கிக் குண்டை யாராலும் கிணற்றுக்கு அழைத்துச் செல்ல முடியாது. ஆகவே இந்த முயல்களால் செய்ய முடிந்தது ஓடுவதும் ஒளிவதும்தான். குழந்தைக் கதைகளில் அரிதாக வரும் உண்மை இது. சிலவற்றுக்கு முன் கெட்டிக்காரத்தனம் உதவாது.

இன்னொன்றும் உண்டு. போரில் விலங்குகள் என்றால் பிரிட்டனில் முதலில் நினைவுக்கு வருவது குதிரைகளும் கோவேறு கழுதைகளும் தூதுப் புறாக்களும். லண்டனின் ஹைட் பூங்கா ஓரத்தில் 2004-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அவற்றுக்கானது. அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அவை படையில் சேர்க்கப்பட்ட விலங்குகள். முயல் எந்தப் படையிலும் சேர்க்கப்பட்டதில்லை. போர் நடந்த இடம் அதன் வீடு, அவ்வளவுதான். அந்த வகையில் முயல் படைவீரரைவிட, அந்த வயல்களுக்குச் சொந்தமான பெல்ஜிய, பிரெஞ்சு ஊர்மக்களையே அதிகம் குறிக்கிறது. வீட்டை இழந்து சாலையில் நடந்தவர்கள் அவர்கள்.

பாப்பி பொதுவாகப் படைவீரர்களுக்கான பூ. அந்தப் பூவைப் பெயராகக் கொண்ட படம் பொதுமக்களின் இடத்திலிருந்து போரைப் பார்ப்பது இதன் எதிர்பாராத சிறப்பு. வீரம், வெற்றி, தாய்நாடு என்ற சொற்களுக்கு முயலிடம் பொருளில்லை. அதனால் படம் வீரப்படமாக மாற வாய்ப்பே இல்லாமல் போகிறது. நான்கு வயதுக் குழந்தை இதைப் பார்த்துவிட்டு மரத்துண்டைத் துப்பாக்கியாகப் பிடித்து விளையாட ஓடாது.

போர் புயல் அல்ல

இங்கேதான் படத்தின் குறையும் தொடங்குகிறது. முயலுக்கு இடியும் குண்டும் ஒன்றே. யார் சுட்டார், ஏன் சுட்டார் என்று அதற்குத் தெரியாது. முயலின் கண்ணை விட்டு விலகாத படமும் அதைச் சொல்வதில்லை. விளைவாகப் போர் ஓர் இயற்கைச் சீற்றமாகத் தோன்றுகிறது. மேகம் கறுத்தது, இடித்தது, ஓய்ந்தது, பூ பூத்தது.

ஆனால் போர் புயல் அல்ல. மனிதர்கள் மேசையில் அமர்ந்து முடிவெடுத்து, கையொப்பமிட்டு, ஆள் சேர்த்து, தொழிற்சாலையில் குண்டு செய்து நடத்துவது. புயலில் இறந்தவர்களையும் நாம் நினைவுகூர்கிறோம். அந்த நினைவில் துயரம் மட்டுமே இருக்கும். போரில் இறந்தவர்களை நினைவுகூரும்போது துயரத்தோடு ஒரு கேள்வியும் வரவேண்டும்: இது நடக்காமல் இருந்திருக்கலாமே? அந்தக் கேள்வி இல்லாத நினைவேந்தல் பாதி நினைவேந்தல்தான்.

இத்தனை சிறிய குழந்தையிடம் 1914-இன் அரசியலையா சொல்ல முடியும் என்று கேட்கலாம். முடியாது, தேவையுமில்லை. ஆனால் 'மனிதர்கள் இதைச் செய்தார்கள்' என்ற ஒரு செய்தியைச் சொல்ல அரசியல் தேவையில்லை. சண்டை போட்டால் வலிக்கும், சண்டையை நிறுத்த முடியும் என்பது விளையாட்டுத் திடலில் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

ஒப்பிடுவதற்கு மைக்கேல் ஃபோர்மன் 1993-இல் எழுதி வரைந்த 'போர் விளையாட்டு' என்ற சிறுவர் நூலைச் சொல்லலாம். இது பின்னர் ஏறத்தாழ அரைமணி நேர அசைவூட்டப் படமாகவும் வந்தது. போரில் இறந்த தன் உறவினர் நால்வருக்கு ஃபோர்மன் அதைக் காணிக்கையாக்கினார். சஃபோக் கிராமத்து இளைஞர்கள் கால்பந்து ஆடுகிறார்கள், படையில் சேர்கிறார்கள், 1914 கிறிஸ்துமஸ் அன்று எதிரணி ஜெர்மானியர்களைப் போர்முனைகளுக்கு நடுவில் சந்திக்கிறார்கள். பிறகு சண்டை மீண்டும் தொடங்குகிறது. எதிரி என்று சொல்லப்பட்டவர் தன்னைப் போன்ற ஒருவர், சண்டையை ஒருநாள் நிறுத்த முடிந்தது, ஆனாலும் மீண்டும் சுடச் சொன்னார்கள் என்ற மூன்றையும் அந்தக் கதை சிறுவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. அது இன்னும் பெரிய பிள்ளைகளுக்கானது என்பது உண்மை. ஆனாலும் மனிதர்களைக் காட்டினால் குழந்தை பயந்துவிடும், விலங்குகளைக் காட்டினால் பயப்படாது என்ற கணக்கு எப்போதும் சரியில்லை என்பதற்கு அது சான்று. மனிதர்கள் இருக்கும் கதையில் நிறுத்துபவரும் இருக்க முடியும். முயல் மட்டும் இருக்கும் கதையில் போரை நிறுத்த ஆளே இல்லை.

விதையும் குண்டும்

படம் பூக்களில் முடிகிறது. ஆறுதல் தரும் முடிவுதான். பயமுறுத்திவிட்டு அப்படியே விட்டுவிட்டால் மழலையருக்கான படமாக அது இருக்காது. ஆனால் இந்த முடிவைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி, மரணத்தைப் பற்றிக் குழந்தைகள் கொண்டிருக்கும் எண்ணங்களை ஆராய்ந்து 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பலர் மரணத்தை ஒரு பயணமாகவோ நீண்ட தூக்கமாகவோ கருதுகிறார்கள், போனவர் திரும்பி வரலாம் என்று நினைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. பின்வந்த ஆய்வுகள் வயது எல்லைகளைப் பற்றி வேறுபட்டாலும், மரணம் மீள முடியாதது என்ற புரிதல் மெல்ல மெல்லத்தான் வருகிறது என்பதை ஏற்கின்றன. இந்த வயதுக் குழந்தைக்குக் 'கறுத்த நிலம், பிறகு சிவந்த பூ' என்ற வரிசை, போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றே பொருள்படக்கூடும். பாப்பியின் பொருள் அதுவல்ல. திரும்பி வராதவர்களுக்காகவே அது அணியப்படுகிறது.

நிலமும் முழுதாகக் குணமடைந்துவிடவில்லை. ஃபிளாண்டர்ஸில் உழவர்கள் இன்றும் உழும்போது முதல் உலகப் போரின் வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. 'இரும்பு அறுவடை' என்று அதற்குப் பெயர். ராணுவத்தின் வெடிகுண்டு நீக்கும் பிரிவினர் அவற்றை எடுத்துச் சென்று செயலிழக்கச் செய்கிறார்கள். பாப்பி விதையும் குண்டும் ஒரே மண்ணில், ஒரே ஆழத்தில் கிடக்கின்றன. ஏர் இரண்டையும் சேர்த்தே கிளறுகிறது. படம் விதையை மட்டும் காட்டுகிறது. அந்த வயதுக்கு அது போதும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அக்குழந்தைக்குப் பத்து வயதாகும்போது குண்டைப் பற்றியும் சொல்ல யாராவது இருக்க வேண்டும்.

தமிழ் வீட்டில் இந்தப் படம்

இந்தப் போர் தமிழர்களுக்கு முற்றிலும் அயலானதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கான நினைவுக் கல் இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்ச்சி நம்மிடம் தங்கியது கல்லில் அல்ல, பேச்சில். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். சொல்பவர்களில் பலருக்கு அது ஒரு கப்பலின் பெயர் என்றே தெரியாது. போர் மறைந்து சொல் மட்டும் மிஞ்சிய கதை இது. சின்னம் நிலைத்துவிட்டால் நினைவும் நிலைத்துவிடும் என்று நம்ப முடியாது என்பதற்கு நம் மொழியிலேயே உள்ள எடுத்துக்காட்டு. பாப்பிக்கும் இது நேரலாம்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரான்சின் நெவ் ஷாப்பெல் நினைவிடத்தில் கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. சிவப்புப் பூ இவர்களுக்குமானது என்று பிரிட்டனில் படிக்கும் தெற்காசியக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட வேண்டும். படத்தில் மனிதர்கள் முன்னிலையில் இல்லாததால், எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழுவதில்லை. யாரையும் ஒதுக்கவில்லை என்பது அதன் நன்மை. யாருடைய பெயரும் சொல்லப்படவில்லை என்பது அதன் இழப்பு.

பிரிட்டனில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இந்தப் படத்துக்கு இன்னொரு பொருளும் சேர்கிறது. பள்ளியில் தாள் பாப்பி செய்து சட்டையில் குத்திக்கொண்டு வரும் பேரப்பிள்ளை, "அம்மம்மா, போர் எண்டால் என்ன?" என்று கேட்கிறது. அம்மம்மாவுக்கு அந்தக் கேள்வி நூறு ஆண்டுகளுக்கு முந்தையதல்ல. ஷெல் சத்தம் கேட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பதுங்கிய தலைமுறை அவருடையது. திரையில் மண்ணுக்குள் ஒடுங்கும் முயலைக் குழந்தை கதையாகப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பவர் கதையாகப் பார்க்கவில்லை. வசனமில்லாத படத்தின் பெருமை இங்கே வெளிப்படுகிறது. எந்த மொழியும் பேசாததால், அந்த இடத்தில் எந்த மொழியிலும் பேச முடிகிறது. படம் நின்றபின் அம்மம்மா தமிழில் தொடங்கலாம். சொல்ல முடியாவிட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அதுவும் ஒரு நினைவேந்தல்தான்.

முடிவாக

'பாப்பிகள்' குறையில்லாத படம் அல்ல. போரைச் செய்பவரை அது காட்டுவதில்லை. பூவில் முடித்து, குணமாகாததையும் குணமானது போலத் தோன்றச் செய்கிறது. ஆயினும் மழலையரை ஏமாற்றாத படம். அச்சத்தை அச்சமாகவே காட்டுகிறது, அதை வீரமாக மாற்றி விற்பதில்லை. இவ்வளவு சிறிய பார்வையாளருக்கு இவ்வளவு நேர்மையாகப் போரைக் காட்டும் படங்கள் அதிகமில்லை.

குழந்தையைத் தனியே உட்காரவைத்துவிட்டுப் போகும் படமாக இதைப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். படம் முடிந்ததும் குழந்தை பெரும்பாலும் கேட்பது, "முயலுக்கு என்ன ஆச்சு?" என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லலாம். பிறகு, குழந்தை கேட்காவிட்டாலும் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "அந்தச் சத்தம் இடி இல்லை. மனுஷங்க செஞ்சது. செய்யாமலும் இருந்திருக்கலாம்." படம் சொல்லாமல் விட்ட வரி அது ஒன்றுதான். அதை நாம் சொன்னால் நினைவேந்தல் முழுமை பெறும்.